ரேடியோ நெல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

திருச்சிராப்பள்ளி வானொலியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு நெல். ஆடுதுறை 27 என்பது அதன் பெயர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'ரேடியோ நெல்' என்றுதான் சொல்வார்கள். "இந்தக் குறுவைக்கு ரேடியோ நெல் விட்டிருக்கிறேன்" என்பார் அப்பா.

நெல்லுக்கு நிறத்தால் பெயர் வரும், மணத்தால் வரும், பிறந்த ஊரால் வரும். தன்னைப் பற்றிச் சேதி சொன்ன பெட்டியின் பெயரையே ஒரு நெல் பெற்றது தஞ்சை மண்ணில். எந்த விருதையும்விட இதையே இந்த நிலையத்தின் பெரிய பெருமையாக நான் நினைக்கிறேன்.

நிலையம் தொடங்கியது 1939 மே 16 அன்று. சென்னை நிலையத்துக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் காலத்தில் பெட்டி வாங்க வசதி வேண்டும், வாங்கிய பிறகு தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். ஊருக்கு ஒரு வீட்டில் இருந்தாலே அதிகம். அந்த ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கூட்டம் வந்தது பாட்டுக்காக. காவிரிக்கரையில் பாட்டுக்கு என்ன பஞ்சம்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடியைக் கோயில் வாசலில் நின்று கேட்டவர்கள், அதையே வானொலியிலும் கேட்டார்கள். திருவையாற்றில் தை மாதத்துப் பகுள பஞ்சமியன்று பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவதை வானொலி நேரடியாக ஒலிபரப்பும். நடக்க முடியாத என் பாட்டி அன்று குளித்து, ரேடியோவுக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் முடியும் வரை அடுக்களைப் பக்கம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது.

பஞ்சாயத்து ரேடியோ வந்த பிறகுதான் ஒலி தெருவுக்கு வந்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வரப்பிலும் களத்திலும் அது பாடியது. இந்த நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ், மீட்டர் கணக்கில் 320 சொச்சம். மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு போகும். ஈரமான, சமமான மண்ணில் அது இன்னும் சுலபமாகப் போகும். வண்டலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் நம் டெல்டாவைவிட அதற்கு ஏற்ற தரை வேறு எங்கே இருக்கிறது?

இனி அந்த நெல்லுக்கு வருகிறேன். 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஊரில் அதைப் 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 என்ற நெல் ரகத்தையும் கலந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 105 நாள் ரகம் ஒன்றை உருவாக்கியது. குறுகிய காலப் பயிரான குறுவைக்குப் பொருத்தமான வயது. ஆனால் விவசாயி ஒரு புது விதையை எளிதில் நம்பமாட்டான். நம்பி விட்டுப் பொய்த்துப்போனால் அந்த ஆண்டுச் சோறே போய்விடும் அல்லவா? விரிவாக்க அலுவலர் சைக்கிளில் எத்தனை ஊருக்குப் போக முடியும்?

1966-ல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் உழவர்களுக்கான பண்ணை இல்லப் பிரிவு அமைத்தபோது திருச்சியிலும் ஒன்று அமைந்தது. மாடு கட்டிவிட்டுக் கை கால் கழுவி உட்காரும் மாலை நேரத்தில் அந்தக் குரல் வந்தது. விதை அளவு, நாற்றின் வயது, எந்த உரம், எப்போது இடுவது என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னது. அதைவிட முக்கியம், நட்டுப் பார்த்த விவசாயியே அதில் வந்து பேசினான். பக்கத்து ஊர்க்காரன் குரலைக் கேட்டதும் அப்பாவுக்குத் துணிவு வந்தது. முதல் ஆண்டு கால் காணியில் விட்டார்; மறு ஆண்டு குறுவை முழுக்க அதுதான்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். குறுவை அறுப்பு மழையோடு மோதும். களத்தில் ஈர நெல்லைக் கிளறிக்கொண்டு அம்மா நின்ற இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்த நாட்களில் வானிலைச் செய்தி வரும்போது வீட்டில் ஒருவரும் பேசமாட்டோம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டமும் அப்படித்தான். முழு நீர்மட்டம் 120 அடி. அதிலிருந்து எத்தனை அடி குறைவு, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி: வெளியூர்க்காரருக்கு அது வெறும் எண். எங்களுக்கு நாற்றங்கால் போடலாமா, பொறுக்கலாமா என்பதற்கு அதுதான் விடை. ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாளாகும். கடைமடைக்கு அதற்கும் மேல். எங்கள் வாய்க்கால் லஸ்கர் மாலையில் சைக்கிளை எங்கள் வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு, "ரேடியோவில் என்ன சொன்னார்கள் அம்மா?" என்று கேட்டுக்கொண்டுதான் மதகுக்குப் போவார். மதகைத் திறந்து அடைக்கிறவரே வந்து கேட்டுவிட்டுப் போனார் என்றால், அந்தக் குரலுக்கு இருந்த மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். எங்கோ இருக்கும் எல்லாருக்குமான நிகழ்ச்சியைக் கைப்பேசி எந்த நேரமும் தந்துவிடும். நன்னிலத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் உரிய சேதியை, உரிய நேரத்தில், உரிய பேச்சில் சொல்லும் அரை மணி நேரத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பரணில் கிடந்த அப்பாவின் டிரான்சிஸ்டரை என் மகன் தேடி எடுத்தான். டார்ச் விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டோம். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, "திருச்சிராப்பள்ளி" என்ற சொல் கேட்டது. இருட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒலியைக் கூட்டி வைத்தேன்.