தாத்தாவை ஆட வைக்கும் அழுகை

[திரையில்: உத்திரத்தில் கட்டிய பழைய பருத்திப் புடவைத் தூளி. அருகில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவர்.]

வணக்கம். பெற்ற பிள்ளைகளே எதிரில் நின்று பேசத் தயங்கிய கண்டிப்பான மனிதர், பேரன் பிறந்த சில மாதங்களில் துண்டால் முகத்தை மூடித் திறந்து "ஞே" என்று குரல் கொடுப்பதையும், நாக்கைத் துருத்திக் காட்டுவதையும், கிலுகிலுப்பையைத் தம் வழுக்கைத் தலையிலேயே தட்டிக்கொள்வதையும் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பாட்டியோ, குழந்தை தடுக்கி விழுந்தால் தரையை அடிக்கிறார். சாப்பிட மறுத்தால் காக்கையை விருந்துக்கு அழைக்கிறார். தூங்க மறுத்தால் ஊரில் இல்லாத பூச்சாண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இந்தச் சேட்டைகள் குழந்தையின் உடலிலும் கவனத்திலும் என்ன செய்கின்றன என்பதுதான் இந்தக் காணொளியின் பொருள். இவற்றையெல்லாம் பெரியவர்கள் யோசித்துக் கண்டுபிடித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எதைச் செய்தபோது அழுகை நின்றதோ அதை மறுநாளும் செய்தார்கள், எது பலிக்கவில்லையோ அதை விட்டுவிட்டார்கள். ஆகவே தேர்ந்தெடுத்தது குழந்தை, பழகிக்கொண்டது பாட்டி.

முதலில் அழுகையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருக்கும் குழந்தைகளின் தாய்மார்களை நாள்தோறும் அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். பிறந்த ஓரிரு வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போன அழுகை, ஆறாவது வார அளவில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் என்னும் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் படிப்படியாகக் குறைந்தது. அதிலும் மாலையில்தான் அழுகை மிகுதி. "பால் பத்தலை", "கண்ணு பட்டிருக்கு", "அம்மா எதையோ சாப்பிட்டிருக்கா" என்று பிள்ளை பெற்றவள் மீது குற்றம் சுமத்தும் உறவினர்கள் இந்த ஆறாம் வாரக் கணக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பசி, ஈரம், வயிற்று உபாதை எதுவும் இல்லாமலே குழந்தை அழும். காரணம் கண்டுபிடிக்க முடியாத அந்த அழுகைதான் பெரியவர்களைக் கோமாளிகளாக்குகிறது.

[திரையில்: குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடக்கும் ஒரு தாய்.]

தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் வரை அமைதியாக இருக்கும் குழந்தை, கால் வலிக்கிறதே என்று நாற்காலியில் உட்கார்ந்த நொடியிலேயே எப்படித்தான் கண்டுபிடித்து அழத் தொடங்குகிறது? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா தலைமையிலான குழுவினர் 2013-இல் இதை ஆராய்ந்தார்கள். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அழுகையும் கைகால் அசைவும் குறைந்ததோடு, இதயத் துடிப்பின் வேகமும் தணிந்தது. தூக்கிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. எலிக்குஞ்சுகளின் பிடரியைப் பிடித்துத் தூக்கினாலும் இதே அமைதி வந்தது. தாய் தன்னைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறாள் என்றால் அந்த நேரத்தில் துள்ளாமல் அடங்கியிருப்பதே பிழைக்கும் வழி என்பது பாலூட்டிகளின் உடலில் பதிந்துள்ளது என்று அவர்கள் விளக்கினார்கள்.

அதே குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இளம் பெற்றோருக்கு இன்னும் பயன் தருவது. அழுகிற குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை அடங்கியது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் தூங்கியே விட்டன. ஆனால் தூங்கிய குழந்தையை உடனே பாயில் கிடத்தியபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருபது நொடிகளுக்குள் விழித்துக்கொண்டன. முதுகு பாயைத் தொடுவதால்தான் விழிக்கிறது என்று நாம் நினைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாகக் குழந்தையை இறக்குகிறோம் அல்லவா? தாயின் உடலிலிருந்து பிரியத் தொடங்கும்போதே இதயத் துடிப்பு மாறிவிடுகிறது என்பதைக் கருவிகள் காட்டின. ஆகையால் தூங்கிய பிறகும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை மடியிலேயே வைத்திருந்துவிட்டுப் பிறகு கிடத்துங்கள் என்பது அவர்களின் பரிந்துரை. "இன்னும் அசந்து தூங்கலை, கொஞ்ச நேரம் மடியிலேயே வெச்சிரு" என்று மாமியார் சொன்னால், அந்த ஒரு விஷயத்திலாவது மருமகள் தயங்காமல் கேட்கலாம்.

நடக்க ஆளில்லாத வீட்டில் அந்த வேலையைத் தூளி செய்கிறது. பலமுறை துவைத்து மிருதுவான புடவை இரு பக்கமும் குழந்தையை அணைத்துக்கொள்கிறது, வெளிச்சம் மறைகிறது, ஆட்டம் ஒரே சீராக வருகிறது. தூளியோடு ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கீழே அமர்ந்து கீரை ஆய்ந்தபடியே காலால் ஆட்டும் பாட்டிகள் உண்டு. கயிறு தளர்ந்து தூளி நின்றதும் உள்ளிருந்து ஒரு முனகல் எழும். கண்ணைக் கீரையிலிருந்து எடுக்காமலே கட்டைவிரல் மறுபடி அசையும். அதே வேளையில், குழந்தை தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாந்து தூங்குவதே பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தூளியின் வளைவில் தாடை மார்பில் முட்டினால் மூச்சுத் தடைபடலாம். அதனால் தூளியில் அசந்த குழந்தையைப் படுக்கைக்கு மாற்ற வேண்டும். பெரிய பிள்ளைகள் விளையாடும் இடத்தில் புடவையும் கயிறும் தொங்கவிடப்படக் கூடாது. புரளத் தொடங்கிய பிறகு தூளிக்கு விடை கொடுத்துவிடுவது நல்லது.

சில அப்பாக்கள் இரவில் குழந்தையை இருசக்கர வாகனத்தில் வைத்துத் தெருவைச் சுற்றி வருவதும் இதே ஆட்டத்துக்காகத்தான். அதை மட்டும் என்னால் சிரித்துவிட்டுக் கடக்க முடியவில்லை. கைக்குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசமோ பிடிமானமோ அதில் இல்லை.

[திரையில்: மிக்ஸி ஓடுகிறது; அடுத்த அறையில் அழுகை நிற்கிறது.]

அடுத்தது ஒலி. "உஷ்ஷ்ஷ்" என்று இழுப்பது, நாக்கை மேலண்ணத்தில் தட்டி "ளொளொளொ" என்று குலவுவது, உள்ளங்கையால் முதுகில் தட்டிக்கொண்டே "ஜோ... ஜோ..." என்பது ஆகிய அனைத்தும் ஏற்ற இறக்கம் குறைந்த, இடைவிடாத ஒலிகள். லண்டனில் பிறந்த சில நாட்களேயான 40 குழந்தைகளிடம் செய்து 1990-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சீரான இரைச்சலைக் கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் தூங்கியவர்கள் ஐவர் மட்டுமே. கருப்பையினுள்ளும் தாயின் இரத்த ஓட்டத்தின் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஓடும் மிக்ஸியும் குளியலறைக் குழாயும் சில குழந்தைகளை அடக்கிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. குக்கர் விசில் இந்தக் கணக்கில் சேராது. அது தூங்கும் குழந்தையை எழுப்புவதற்கென்றே செய்யப்பட்டதோ என்று தோன்றும். தூங்க வைக்கும் இரைச்சலுக்கென்றே கைப்பேசியில் செயலிகள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவோர் கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காமல் தள்ளி வைத்து, ஒலியைக் குறைத்து, தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

தாலாட்டு இவற்றையெல்லாம்விட ஒரு படி மேல். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் வீட்டில் பேசாத துருக்கி மொழியில் பேச்சையும் பாட்டையும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். பேச்சைக் கேட்ட குழந்தைகள் ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் சிணுங்கத் தொடங்கிவிட, பாட்டைக் கேட்டவர்கள் ஒன்பது நிமிடம் வரை பொறுத்திருந்தார்கள். சொல்லின் பொருள் குழந்தைக்குத் தேவைப்படவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அப்படியானால் நம் தாலாட்டுகளில் தாய்மாமன் கொண்டுவரும் சீரும், புகுந்த வீட்டின் மீதான குறைகளும் இவ்வளவு விரிவாக வருவது யாருக்காக? அடுத்த அறையில் இருப்பவர்கள் காதில் விழுவதற்காகத்தான் என்பது என் துணிபு. இராகம் குழந்தைக்கு, வரிகள் வீட்டாருக்கு.

பேசும்போதும் நம் குரல் தானாகவே மாறிவிடுகிறது. சுருதி ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, சோறு "மம்மு" ஆகிறது, காயம் "உவ்வா" ஆகிறது, சாமி "உம்மாச்சி" ஆகிறது. இது தமிழர் வழக்கம் மட்டுமன்று. உலகின் 21 சமூகங்களைச் சேர்ந்த 410 பேரின் குரலைப் பதிவுசெய்து 2022-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு, குழந்தையிடம் பேசும்போதும் பாடும்போதும் மனிதக் குரல் பெரும்பாலும் ஒரே விதமாக மாறுவதைக் காட்டியது.

[திரையில்: குழந்தையின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தொலைவில் தாத்தாவின் முகம்.]

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவைதாம் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடத்திக் குனிந்தால் நம் முகம் சரியாக அந்தத் தொலைவில் நிற்கிறது. புருவத்தை உயர்த்துவதும் வாயைக் கோணுவதும் அந்தப் பார்வைக்கு ஏற்ற பெரிய எழுத்துகள். அந்த முகம் அசையாமல் போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டிரோனிக் 1970-களில் செய்த சோதனை காட்டியது. கொஞ்சிக்கொண்டிருந்த தாய், திடீரென்று எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையை வெறித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழத் தொடங்குகிறது. கைப்பேசியைப் பார்த்தபடி குழந்தையை மடியில் வைத்திருக்கும் முகமும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துண்டால் முகத்தை மூடித் திறக்கும் ஆட்டத்தில் இன்னொன்றும் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கும் என்ற அறிவு முதல் ஆண்டில்தான் மெல்ல உருவாகிறது. எட்டு மாத அளவில்தான் குழந்தை துணிக்கடியில் ஒளித்த பொருளைத் தேடுகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கண்டார். தாத்தா போய்விட்டாரா இல்லையா என்பது உறுதியாகத் தெரியாத அந்தப் பருவத்தில், அவர் அதே இடத்திலிருந்து திரும்ப வருவது உண்மையிலேயே சுவையான செய்தி. அதனால்தான் நாம் சலித்துப்போன பிறகும் குழந்தை சலிப்பதில்லை.

காக்கை காட்டுவதும் நிலாக் காட்டுவதும் கவனத்தைத் திருப்பும் வேலை. நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைப்பதைப் பிள்ளைத்தமிழ் நூல்கள் அம்புலிப் பருவம் என்று ஒரு தனிப் பகுதியாகவே வைத்திருக்கின்றன. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளிடம் செய்து 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, புதிய பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அழுகை அடங்கியிருப்பதையும், அந்தப் பொருளை எடுத்துவிட்டால் ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே அழுகை தொடர்வதையும் கண்டது. கவனம் திரும்பினாலும் வருத்தம் உள்ளேயே காத்திருக்கிறது. காக்கை பறந்ததும் பல்லி, பல்லி ஒளிந்ததும் மின்விசிறி, அடுத்து தெருவில் போகும் மாடு என்று பாட்டி இடைவெளியே விடாததன் காரணம் இதுதான். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, "நண்டு ஊருது, நரி ஊருது" என்று விரல்களை அக்குள் வரை ஏற்றிக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டும் இந்த வகைதான். அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு அழுகைக்கு இடம் தருவதில்லை.

தரையை அடிப்பதற்கு வருவோம். "யாரு எந்தங்கத்தைத் தள்ளிவிட்டது? இந்தத் தரையா? இந்தா, வாங்கிக்கோ!" என்று பாட்டி ஓங்கி அறையும்போது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குற்றமும் புரிவதில்லை, தண்டனையும் புரிவதில்லை. சத்தம் கேட்கிறது, கை உயர்கிறது, பழக்கமான முகம் பெரிதாக மாறுகிறது, அவ்வளவே போதும். "யார் அடித்து அழுதாய்" என்று கேட்டு, மாமன் மல்லிகைச் செண்டால் அடித்தானோ என்று உறவினர்களை ஒவ்வொருவராக விசாரிக்கும் தாலாட்டு வழக்கமும் இதற்குச் சொந்தம்தான். ஆனால் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை பார்த்ததைச் செய்யும். தான் இடித்துக்கொண்ட நாற்காலியையும், பிறகு தன்னை இடித்த தம்பியையும் அது அறையத் தொடங்கும். நடக்கத் தெரிந்த பிறகு தரையை மன்னித்துவிட்டு, "வலிக்குதா கண்ணு?" என்று இடிபட்ட இடத்தைத் தடவிக் கொடுப்பதே போதுமானது என்று நினைக்கிறேன். பூச்சாண்டியையும் அந்த வயதில் ஓய்வு பெறச் செய்யலாம்.

சிரித்துக்கொண்டு அனுமதிக்கக் கூடாதவையும் சில உள்ளன. குழந்தையை வேகமாகக் குலுக்குவதும், மேலே தூக்கிப்போட்டுப் பிடிப்பதும் வேண்டாம்; கழுத்துத் தசைகள் வலுப்பெறாத நிலையில் பலமாகக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். ஒரு வயது நிரம்பும் முன் நாக்கில் தேன் தடவக் கூடாது. பொட்டுலிசம் என்னும் நச்சுநோய்க்கான கிருமி வித்துகள் தேனில் இருக்கக்கூடும். சாம்பிராணிப் புகையை முகத்தருகே காட்டுவது சுவாசப் பாதைக்கு ஆகாது.

எந்தச் சேட்டையும் பலிக்காத இரவும் வரும். எரிச்சல் தலைக்கேறுகிறது என்று தோன்றினால், குழந்தையைத் தட்டையான, பாதுகாப்பான படுக்கையில் மல்லாத்திக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் தள்ளி நின்று வாருங்கள், அல்லது வேறொருவர் கையில் கொடுங்கள். அழுதுகொண்டிருப்பதால் குழந்தைக்குக் கேடு வந்துவிடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, அழுகையின் குரலே வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று ஒலித்தாலோ, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா உடனே ஆட்டோவை அழைக்கட்டும்.