"கோப்பை வாசிக்கத்தானே முடியும்" என்று விடலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கம்பிரஷர் அமுக்கம், குளிரறை வெப்பநிலை எல்லாவற்றையும் சில செக்கனுக்கு ஒருதரம் பதிந்து வரைபடமாகக் காட்டுகிற மென்பொருள் அங்கே ஓடுகிறதாம். அதில் 'பாத் டிராவர்சல்' ஓட்டை இருக்கிறது, புதுப் பதிப்புக்கு மாறுங்கள் என்று தயாரித்த கொம்பனி மெயில் போட்டிருக்கிறது. மனேஜர் சொல்கிறாராம், "கோப்பை வாசிக்கத்தானே முடியும், சீசன் முடியட்டும், இப்போது மெஷினை நிறுத்த ஏலாது" என்று. அப்படி விடலாமா என்று கேட்கிறார்.

முதலில் ஓட்டை என்னவென்று பார்ப்போம். எங்கள் கிடுகு வேலிகளில் பொட்டு இருக்குமே, அதுதான். படலையில் பூட்டு, வாசலில் நாய், ஆனால் பின்வளவுப் பொட்டுக்குள்ளால் குனிந்து போனால் நேரே குசினி வாசல். கணினியில் இரண்டு புள்ளி என்றால் 'ஒரு கோப்புறை மேலே போ' என்று அர்த்தம். மென்பொருள் தன்னுடைய படக் கோப்புறையில் இருந்து ஒரு படத்தைத் தருவதற்காகப் பெயரைக் கேட்கிறது, நீங்கள் பெயருக்குப் பதிலாக ../../../../../../ என்று போட்டு, அதன் பின்னால் வேறொரு கோப்பின் பாதையைக் கொடுக்கிறீர்கள். எத்தனை படி ஏற வேண்டும் என்று கணக்குப் பார்க்கவும் தேவையில்லை, உச்சிக்குப் போன பிறகு இன்னும் மேலே போ என்றால் அது உச்சியிலேயே நிற்கும், அதனால் பத்துத் தடவை போட்டாலும் வேலை செய்யும்.

இப்போது 'வாசிக்கத்தானே' என்ற கதைக்கு வருவோம். கிராஃபானா தெரியும்தானே, ஆலைத் தரவுகளை வரைபடமாகப் பார்க்கப் பல இடங்களில் போடுகிறார்கள். அதில் 2021இல் இதே ஓட்டை, 8.0 இன் முன்னோட்டப் பதிப்பில் இருந்து 8.3.0 வரை. பிளகின், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற சிறு மென்பொருள், அதன் கோப்புகளைக் கேட்கிற முகவரியில் இரண்டு புள்ளிகளைப் போட்டால் போதும், லொகின் கூட வேண்டாம். எல்லா நிறுவலிலும் சில பிளகின்கள் கூடவே வருவதால், பிளகின் போடவில்லை என்று தப்பவும் முடியாது. வாசிக்க மட்டும்தான் முடியும், உண்மை. ஆனால் எதை வாசிப்பார்கள்? தரவுத்தளங்களுக்குப் போகிற பாஸ்வேர்டுகள் கிராஃபானாவின் சொந்தத் தரவுக் கோப்பில் குறியாக்கம் செய்து கிடக்கும், அதைத் திறக்கிற ரகசியச் சாவி அமைப்புக் கோப்பில் இருக்கும், இரண்டும் ஒரே கணினியில். அந்தச் சாவியை மாற்றாமல் விட்டவர்களிடம் புகுகிறவனுக்கு அமைப்புக் கோப்பை வாசிக்கவும் தேவையில்லை, தொடக்கத்தில் வருகிற சாவி எல்லோருக்கும் ஒன்றுதான், மூல நிரலிலேயே கிடக்கிறது. பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைப் படலையில் கொழுவின மாதிரி.

சிலர் கேட்பீர்கள், இரண்டு புள்ளி வந்தால் தடுத்துவிட்டால் சரிதானே? அப்பாச்சி வெப் சேர்வர் செய்தவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2.4.49 பதிப்பில் புள்ளியைச் சதவீதக் குறியீடாக, அதாவது %2e என்று, எழுதினால் கண்டுபிடிக்கவில்லை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி 2.4.50 விட்டார்கள், அந்தக் குறியீட்டையே இன்னொரு தடவை குறியீடாக்கி அனுப்ப அதுவும் உள்ளே போனது, மூன்று நாள் கழித்து 2.4.51 விட்டார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்துத் தடுப்பது ஆகாது. குறியீடுகளை எல்லாம் அவிழ்த்து, கடைசியில் பாதை எங்கே போய் நிற்கிறது, அது தன் கோப்புறைக்குள்தானா என்று பார்க்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லை தம்பி, மென்பொருள் செய்தவர்களின் வேலை, புதுப் பதிப்பு வருவதே அதற்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, இன்றைக்கே ரவுட்டரைப் பாருங்கள். முதலாளி வீட்டில் இருந்து போனில் வரைபடம் பார்க்க யாரோ ஒரு போர்ட்டை, அதாவது இணையத்தில் இருந்து உள்ளே வருகிற வழியை, திறந்து வைத்திருப்பார்கள், இதை நான் ஒரு இடத்தில் கண்ணால் கண்டேன், அங்கே மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடினால் அந்தக் கணினியில் வாசிக்க முடியாத கோப்பு அநேகமாக இல்லை. போர்ட்டை மூடுங்கள், குறைந்த அனுமதியுள்ள தனிக் கணக்கில் ஓட்டுங்கள். அப்டேட் செய்த பிறகு பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள், இதைத்தான் பலரும் மறப்பது. பொட்டை அடைத்தாலும் முதலே கொண்டுபோன திறப்பு அவனிடம் இருக்கும். யார் என்ன கோப்பைக் கேட்டார்கள் என்று மென்பொருள் எழுதி வைக்கிற பழைய பதிவில் (லொக்) இரண்டு புள்ளி சாய்கோடும் அதன் சதவீத வடிவமும் வருகிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

அப்புறம் மெஷின் நிற்கும் என்ற பயம். கம்பிரஷரை ஓட்டுவது பிஎல்சி என்கிற தனிக் கட்டுப்பாட்டுக் கருவி, இந்த மென்பொருள் இல்லை. இதில் இருந்து வெப்பநிலை அளவை மாற்றுகிற வசதியும் வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அப்டேட் நடக்கிற நேரத்துக்கு வரைபடத்தில் ஒரு இடைவெளி விழும், அவ்வளவுதான். அந்த நேரம் ஒருவரை அமுக்கமானிக்குப் பக்கத்தில் கொப்பியோடு நிற்பாட்டுங்கள்.