மீட்டுக்கொள்வது என்றால் என்ன?

வணக்கம் நேயர்களே. நான் சுங்கை சிப்புட்டுக்காரன். எங்கள் லயத்தைச் சுற்றி அன்று பால்மரம், இன்று செம்பனை. வேலைக்காலம் முழுக்க நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தடுப்புக்காவலில் இருக்கும் ஒருவர், 'என்னைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று பாருங்கள்' என்று உயர்நீதிமன்றத்திடம் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. நமது மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5(2) பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. சரி, போட்ட மனுவைக் கைதியே வேண்டாம் என்று சொன்னால்? மலாயில் அது 'தாரிக் பாலிக்'. நம் பத்திரிகைகள் 'மீட்டுக்கொண்டார்' என்று எழுதும். நானும் நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

ஒருநாள் ஒரு பையனைக் கொண்டு வந்திருந்தார்கள். இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் இருக்கும். அவன் மனுவை மீட்டுக்கொள்ள விரும்புவதாக வழக்கறிஞர் சொன்னார். நீதிபதி அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார். "நீங்களாகவே மனுவை மீட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். "ஆமா ஐயா" என்றான். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே வந்தால் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மீட்டாச்சா? எப்ப வீட்டுக்கு விடுவாங்க?" அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே இஸ்திரி போட்ட சட்டை, ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர். மகனை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார்! அவருக்குத் தெரிந்த மீட்பு அடகுக்கடை மீட்பு. ரசீதை நீட்டி, வட்டியைக் கட்டினால் நகை கைக்கு வந்துவிடும். நான் சொன்ன சொல் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. அந்தப் பையன் மட்டும் எப்படிப் புரிந்துகொண்டு "ஆமா" சொன்னான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது. அதன்பிறகு, "இந்த மனுவை இனி நடத்த வேண்டாம் என்று விட்டுவிடுகிறீர்களா? விட்டால் இன்றைக்கு விடுதலை கிடையாது, தெரியுமா?" என்று விளக்கிக் கேட்க நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொள்வேன்.

மனுவை விடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. வழக்கு விசாரணை இல்லாமலே ஆளைப் பிடித்து வைக்க இடம்தரும் குற்றத்தடுப்புச் சட்டத்தில் முதலில் 21 நாள் ரெமான், அதாவது போலீஸ் விசாரிக்கும்வரை காவல், அப்புறம் 38 நாள், அதற்கு மேல் குற்றத்தடுப்பு வாரியம் நினைத்தால் இரண்டு ஆண்டு வரை தடுப்புக்காவல். ரெமானை எதிர்த்துப் போட்ட மனு விசாரணைக்கு வருவதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டால், பழைய மனுவில் உயிர் இருக்காது. அதை விட்டுவிட்டுப் புதிய உத்தரவை எதிர்த்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

மனம் வெறுத்து மனுவை விடுகிறவர்களும் உண்டு. பேராக்கில் வயதானவர்களுக்கு 1988 மார்ச் 9 நினைவிருக்கும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே இருந்த எதிர்க்கட்சித் தலைவர் கர்ப்பால் சிங்கை, அவர் போட்ட ஆட்கொணர்வு மனுவில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்றே மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு மறு ஆண்டே அந்தச் சட்டத்தைத் திருத்தி, நடைமுறை சரியாக இருந்ததா என்பதை மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்ட குடும்பம், 'மனு போட்டு என்ன ஆகப்போகிறது, விட்டுவிட்டால் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள்' என்று உள்ளே இருப்பவனிடம் சொல்கிறது. அவனும் தலையாட்டுகிறான். அதைத் தானாக எடுத்த முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

விட்டால் என்ன போகும் என்பதும் தெரிய வேண்டும். நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்து தீர்ப்புச் சொன்னால், நேரே கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தானாக விட்ட மனுவில் தீர்ப்பே இல்லை. எதை எதிர்த்து மேலே போவது? அதேபோல், தடுப்புக்காவல் சரிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகவும் ஆகாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் கடுமை. அங்கே மாநிலச் சிறைக் கைதிகள் மத்திய நீதிமன்றத்தில் இந்த மனுவைப் போட 1996இல் வந்த சட்டம் ஓராண்டுக் கெடு வைத்தது. மனு அங்கே கிடக்கும் காலத்திலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று 2001இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தி மறுபடி போடலாம் என்று நம்பி விட்டவர் திரும்பி வரும்போது கதவு மூடியிருக்கும். நம் சட்டத்தில் அப்படி ஓராண்டுக் கணக்கு இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் கேட்கத்தானே வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே இருந்து 'கேஸை தாரிக் பாலிக் பண்ணப்போறேன்' என்று சொல்லி அனுப்பினால், ஏன் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்துக் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. போகும்போது அந்த உத்தரவுத் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் உள்ள தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.