கல்வாழைக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் கல்வாழை இல்லாத பொடக்காலி, அதாவது வீட்டுப் புழக்கடை, குறைவு. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் ஒரு கிழங்கை ஊன்றிவிட்டால் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும். அதே செடியை நர்சரியில் விலை கொடுத்து வாங்கி வாசலில் தொட்டியில் வைத்தால், சில மாதங்களில் இலை ஓரமெல்லாம் கருகி நிற்கிறது. பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். நம் பக்கத்தில் சித்திரை வெயிலில் கல்வாழையைக் காயவிடுகிறவர்கள் அதிகம் இல்லை. வெயில் சுட்டால் யாரும் சொல்லாமலே தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். ஆடிக் காற்றில் தண்ணீர் போதாமலும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் மிஞ்சியும்தான் செடி கெடுகிறது.

கல்வாழையின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். வாழை, மஞ்சள், இஞ்சி எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தம். மண்ணுக்குள் அரை அடி ஆழத்துக்குள்ளேயே கிழங்கு படுத்திருக்கும். வேரில் பெரும்பகுதி முதல் ஒரு அடிக்குள் இருக்கும். மேலே அகலமான இலைகள். இலை அகலமாக இருப்பதால் நீர் நிறைய ஆவியாகிறது, வேர் மேலாக இருப்பதால் ஆழத்து ஈரம் அதற்கு எட்டுவதில்லை. ஆனால் சதுப்பிலும் வளரக்கூடிய செடி இது. கழிவுநீரைச் சுத்தம் செய்ய அமைக்கிற பாத்திகளில் கல்வாழையை நடுவது அதனால்தான்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர், அதாவது மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி பரப்பில் நிற்கிற ஒரு புதருக்குக் கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீர் தேவை. நம் பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். ஆக, தரையில் நிற்கிற புதருக்கு இரண்டு நாளைக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட இது எவ்வளவோ மேல். சொம்புத் தண்ணீர் மேல்மண்ணை இரண்டு விரற்கடை நனைத்துவிட்டு மதியத்துக்குள் ஆவியாகிவிடும், கிழங்கு வரைக்கும் போகாது. சொட்டுநீர் போட்டிருப்பவர்கள், மணிக்கு 4 லிட்டர் விடுகிற சொட்டுவான் இரண்டைப் புதருக்கு இருபுறமும் வைத்து முக்கால் மணி நேரம் ஓட்டினால் அந்த 6 லிட்டர் வந்துவிடும். போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அடியில் ஒரு டம்ளரை வைத்து ஒழுங்காகச் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

செம்மண்ணில் இந்தக் கணக்கு அப்படியே ஓடும். கரிசலில் தண்ணீர் அதிக நாள் நிற்கும், அதனால் இடைவெளியைக் கூட்டலாம். ஆனால் கரிசல் ஒருமுறை காய்ந்து வெடித்துவிட்டால், ஊற்றுகிற குடம் முழுக்க வெடிப்பு வழியே இறங்கிப்போகும், கிழங்கைச் சுற்றி மண் காய்ந்தே கிடக்கும். அப்போது முதலில் அரைக் குடத்தை மெதுவாக ஊற்றி, மண் உப்பி வெடிப்பு மூடியதும் மீதியை விடுங்கள்.

14 அங்குலத் தொட்டி என்றால் கோடையில் காலையில் 2 லிட்டர். மண் தொட்டியாக இருந்தாலோ மொட்டை மாடியில் இருந்தாலோ மாலையில் இன்னொரு லிட்டர். தொட்டிக்கு அடித்துளை வழியே கொஞ்சம் வெளியேறுகிற வரைக்கும் ஊற்றுவதுதான் சரியான அளவு.

பங்குனியிலிருந்து வைகாசி வரை இதுதான் நடைமுறை. இடையில் இடியோடு ஒரு கோடை மழை வரும். 10 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 10 லிட்டர். கணக்கில் ஒரு குடம் மாதிரிதான் தெரியும். ஆனால் அடர்ந்த புதரில் அந்த இலைகளே ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும். மழை பெய்த மறுநாள் தூரடியில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். அரை அடி சுலபமாக இறங்கினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

ஆனி, ஆடிதான் ஏமாற்றுகிற காலம். வானம் மூட்டமாக இருக்கும், கோவையிலும் பொள்ளாச்சியிலும் சாரல் அடிக்கும், உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மழைக்காலம் வந்துவிட்டது என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். உண்மையில் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வருவது காற்றுதான். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்தக் காற்று, கல்வாழை இலையிலிருந்து நாள் முழுக்க, ராத்திரியும்கூட, ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சாரலில் மண்ணின் மேல்தோல்தான் நனையும். ஆகவே சித்திரையில் ஊற்றிய அதே அளவு ஆடியிலும் வேண்டும். தூரைச் சுற்றி கரும்புச் சோகையோ காய்ந்த தென்னை ஓலையோ 3 அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரற்கடை விட்டுப் போட வேண்டும். தொட்டிகளை மேற்குச் சுவரின் மறைவில் நகர்த்திவிடலாம். இலை காற்றில் கிழிவதைத் தண்ணீரால் தடுக்க முடியாது, அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஐப்பசி பிறந்ததும் எல்லாம் தலைகீழ். கோவை மாநகருக்கு ஆண்டு மழையே சுமார் 600, 700 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பங்கு இந்தப் பருவத்தில் வரும். சதுப்பில் வளர்கிற செடிக்கு மழை என்ன செய்யும் என்று கேட்கலாம். வளர்ந்து வேர்பிடித்த செடிக்கு ஒன்றும் செய்யாது. புதிதாக நட்ட கிழங்குக்கும், அடைத்துப்போன தொட்டிக்கும்தான் ஆபத்து. காற்றுப் புகாத சேற்றில் கிழங்கு அழுகும். தண்டின் அடி மெத்தென்று ஆகி நாற்றம் வரும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டை எடுத்துவிடுங்கள், அதில் டெங்குக் கொசுவும் வளரும். துளையை ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். கரிசல் பாத்தியில் வடிகால் வெட்டுங்கள். மூடாக்கையும் இந்த இரண்டு மாதத்துக்கு விலக்கி வைப்பது நல்லது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டால் அது துரு நோய். ஈர இலையில் பரவும். அந்த இலைகளை அறுத்து எரித்துவிட்டு, மழை இல்லாத நாட்களில் தண்ணீரைத் தூரில் மட்டும் விடுங்கள். குழாயால் இலை மேல் பீய்ச்சுவது கோடையிலும் தேவையில்லாத வேலை.

மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தம். நாளைக்கு 3 லிட்டர் போதும், அதாவது செம்மண்ணில் நாலு நாளைக்கு ஒரு குடம், கரிசலில் ஆறு நாளைக்கு ஒரு குடம். காலையில் விடுங்கள். பனிக்காலத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்க வேண்டும் என்று சில புத்தகங்களில் இருக்கும். அது பனி உறைகிற நாடுகளுக்குச் சொன்னது. ஊட்டியில் உறைபனி விழுகிற இடங்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். சமவெளியில் அந்த வேலையே இல்லீங்க.

மாசியில் கிழங்கு பிரித்து நடலாம். இரண்டு மூன்று முளைக்கண் உள்ள துண்டாக எடுத்து, நாலு அங்குல ஆழத்தில் வைத்து, நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதற்குப் பிறகு இலை விரிகிற வரைக்கும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். இலை இல்லாத கிழங்கு தண்ணீரைக் குடிப்பதில்லை. மண்ணின் மேற்பரப்பு இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு கால் குடம் விட்டால் போதும். இரண்டு மூன்று இலை விரிந்ததும் முழு அளவுக்கு வரலாம்.

தண்ணீரின் தரத்தையும் பார்க்க வேண்டும். சிறுவாணி, பவானிக் குழாய்த் தண்ணீரில் பிரச்சினை இல்லை. பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. மண் மேல் வெள்ளையாகப் பூத்து, முதிர்ந்த இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் அது உப்பு. தொட்டியில் 25 லிட்டர் மண் இருந்தால், 50 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு இறங்கும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஏசி சொட்டும் தண்ணீரைத் தாராளமாக விடலாம், ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரைத் தொட்டிக்கு விடவே கூடாது, வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பொடக்காலித் தண்ணீரில் குளித்தது பரவாயில்லை. வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணீர் தொடர்ந்து போனால் மண் இறுகிப்போகும்.

குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது தண்ணீர்க் குறை அல்ல, சுண்ணாம்புத் தண்ணீரால் வருகிற இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மதியம் இலை சுருண்டால் பயம் வேண்டாம். காலை 7 மணிக்கும் சுருண்டே இருந்தால்தான் தாகம். சுருண்ட இலை நூலால் ஒட்டியிருந்தால் உள்ளே புழு, பிரித்து நசுக்கிவிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், கிளம்பும் முன் பூத்து முடிந்த தண்டுகளைத் தரையோடு வெட்டிவிடுங்கள். அவை மறுபடி பூக்காது, தண்ணீரை மட்டும் குடிக்கும். புதருக்கு இரண்டு குடம் விட்டு மூடாக்கும் போட்டால் தரைச்செடி ஐந்தாறு நாள் தாங்கும். தொட்டிகளை மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வணக்கம்.