பில் கேட்ஸோடயே ஒத்துப்போகாத ராமேஸ்வரத்துக்காரர்! நம்ம ஸ்கூல் லேப் பூட்டைத் திறக்கப்போறது யாரு?

[காட்சி: பாம்பன் பாலம். காத்துச் சத்தம்.]

2002-ஆம் வருஷக் கடைசி. ஒரு பக்கம் பில் கேட்ஸ். எதிர்ல, ராமேஸ்வரத்துல பொறந்து, சின்ன வயசுல பேப்பர் போட்டு வளர்ந்த நம்மாளு. அப்போ அவர் குடியரசுத் தலைவர். பேச்சு சாஃப்ட்வேர் கோட் (நிரல்) பக்கம் திரும்புச்சு, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. நான் கட்டிவிடலைங்க. 2003 மே மாசம் புனேயில கலாமே மேடையில சொன்னது. நூறு கோடிப் பேர் இருக்கிற நாட்டுக்கு, நிரலை எல்லாரும் பாக்கத் திறந்து வைக்கிற ஓப்பன் சோர்ஸ்தான் தோதுன்னு அங்கேயே சொன்னார்.

வணக்கம் மக்களே. அவர் ஊர்க் கடற்கரையில இதை வச்சு ஒரு கூட்டத்தைச் சேர்க்க முடியுமா? நான் முயற்சி பண்ணேன். முதல் தடவை மண்ணைக் கவ்வினேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

ஓப்பன் சோர்ஸ் வரலாறு வேகமா. 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மேன், யாரும் மாத்திக்கக்கூடிய சாஃப்ட்வேர் எழுதுற குனு திட்டத்தை அறிவிச்சார். 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற ஃபின்லாந்து மாணவர், கம்ப்யூட்டரை இயக்குற லினக்ஸ் சாஃப்ட்வேரை வெளியிட்டார். இதோட நிரலை யாரும் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். வரலாறு முடிஞ்சுது, எழுந்திரிங்க.

ஒரே ஒரு சண்டை மட்டும் எனக்கு இருக்கு. இதை ‘இலவச மென்பொருள்’னு சொல்லாதீங்க. நம்ம ஊர்ல இலவசம்னா மிக்ஸி, கிரைண்டர்தான் ஞாபகம் வரும். குடுத்தாங்க, வாங்கிட்டோம், அவ்வளவுதான். 2011-ல அரசு குடுத்த லேப்டாப்ல விண்டோஸோட, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சே, எத்தனை பேர் திறந்து பாத்தீங்க? கமெண்ட்ல உண்மையைச் சொல்லுங்க. ‘கட்டற்ற மென்பொருள்’னு சொல்றாங்க பாருங்க, அதுதான் சரியான பேரு.

[காட்சி: மூடின அலமாரி.]

இப்போ என் தோல்வி. கடலோரத்துல ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். எட்டு பழைய கம்ப்யூட்டர். உப்புக்காத்து என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியும். பாதி மெஷின் ஆன் ஆகும், ஆனா திரையில ஒண்ணும் வராது. ரேமை (மெமரி அட்டையை)க் கழற்றி, அந்தத் தங்க நிறப் பல்லைப் பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சு, திரும்பச் சொருகினேன். ஆறு மெஷின் உயிர் வந்துருச்சு. இலகுவான லினக்ஸ், அதுமேல குழந்தைங்க விளையாடிப் படிக்கிற ஜிகாம்ப்ரி, படம் வரையிற டக்ஸ் பெயின்ட், கீவிக்ஸ்ல நெட் இல்லாமப் படிக்கத் தமிழ் விக்கிப்பீடியா. செல்ஃபி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

மூணு மாசம் கழிச்சுப் போனேன். அலமாரிக்குப் பூட்டு. சாவி வச்சிருந்த டீச்சருக்கு மாறுதல். பாஸ்வேர்டும் அவங்களோடயே போயிருச்சு.

நான் சாஃப்ட்வேரைத்தான் ஏத்தியிருந்தேன். ஆளைச் சேர்க்கவே இல்ல.

ஜிகாம்ப்ரியைப் பத்தி ஒரு வரி: 2000-ல ப்ரூனோ கூடுவாங்கிற பிரெஞ்சு இன்ஜினியர் ஆரம்பிச்சது, பேரைச் சொல்லிப் பாத்தா பிரெஞ்சுல ‘எனக்குப் புரிஞ்சிருச்சு’ன்னு வரும். நல்லா இருக்குல்ல? ஆனா என் செல்லம் டக்ஸ் பெயின்ட்தான்.

[காட்சி: கரைவலை இழுப்பு. ரெண்டு பக்கமும் கயிறு.]

அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. கரைவலை. வலை கடல்ல, ஆளுங்க கரையில. ரெண்டு பக்கக் கயிறையும் பிடிச்சு இழுக்க இழுக்க, நடுவுல இருக்கிற மடி மீனோட கரைக்கு வரும். வலைக்காரருக்குப் பங்கு, இழுத்தவங்களுக்குப் பங்கு. கயிறு நுனியில தொங்கிக்கிட்டு இழுத்த பொடியனுக்கும் கறிக்கு ஒரு கை மீன். அவன்கிட்ட யாரும் சர்ட்டிஃபிகேட் கேக்கல, கயிறைத் தொட்டான், அவ்வளவுதான். லினக்ஸ் என்னன்னு மூணு மணிநேரம் பேசியும் என்னால புரியவைக்க முடியாததை, இந்தக் கயிறைக் காட்டினதும் பசங்க பிடிச்சுக்கிட்டாங்க.

இப்போ டக்ஸ் பெயின்ட். 2002-ல பில் கென்ட்ரிக் எழுதின, குழந்தைங்க படம் வரையிற சாஃப்ட்வேர். அதுல முத்திரைன்னு ஒரு பகுதி. பூ, நாய், பழம்னு தட்டினா படத்துல ஒட்டிக்கும். ரகசியம் என்னன்னா, நாமளே முத்திரை சேக்கலாம்! பின்னணி இல்லாம வெட்டின ஒரு பிஎன்ஜி படம். அதே பேர்ல ஒரு டெக்ஸ்ட் கோப்பு, அதுல பேரு. அதே பேர்ல ஒரு ஒலிக்கோப்பு. மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டா முடிஞ்சுது. ஒரு வரி கோட் எழுத வேண்டாம்.

இந்த ரெண்டாவது தடவை, பசங்க காலையில மீன் ஏலம் போடுற இடத்துக்குப் போனாங்க. நெத்திலி, காரல், பாறை, திருக்கை, கணவாய், வாளை. செல்போன்ல படம் எடுத்து வந்தாங்க. ஒலிக்கு யாரு? ஒரு பாட்டியைக் கூட்டிட்டு வந்தோம். ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, நெட்டுல பாத்து டெக்ஸ்ட் கோப்புல ‘மத்தி’ன்னு அடிச்சு வச்சிருந்தா. பாட்டி மைக்கைத் தள்ளிட்டாங்க.

“மத்தியா? எவன் சொன்னான்? இது சாளைடி.”

“நெட்டுல அப்படித்தான் பாட்டி இருக்கு.”

“அப்ப அவனையே கொழம்பு வைக்கச் சொல்லு.”

டெக்ஸ்ட் கோப்பு மாறுச்சு. அந்தப் பாட்டி மவுஸைத் தொட்டதே இல்ல, ஆனா ஒரு சாஃப்ட்வேருக்குப் பங்களிச்சுட்டாங்க! இப்போ அந்த மீனைத் தட்டினா, ‘சாளை’ன்னு அவங்க குரல் அதட்டுது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க அதை மட்டுமே இருபது தடவை தட்டுதுங்க. டீச்சர் பாவம்.

அப்புறம் ஆளு தானா வந்துச்சு. எப்போ ஆரம்பிக்கணும்னு கேட்டா, என் பதில் தடைக்காலம். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பாக்கள் வீட்டுல, மே மாசம் பிள்ளைங்களுக்கும் லீவு. இப்படித்தான் ஒரு படகு மெக்கானிக் அண்ணன் வந்தார். யூபிஎஸ் பேட்டரி முனையைப் பாத்தார், பச்சைக் களிம்பு. சுரண்டினார், கிரீஸ் தடவினார், “படகுலயும் இதே சீக்குதான் தம்பி”ன்னார். நான் அதுக்குப் புது பேட்டரி வாங்க வசூல் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

பாஸ்வேர்டு இப்போ மூணு பேருகிட்ட: ஒரு டீச்சர், பள்ளி மேலாண்மைக் குழுவுல ஒரு அம்மா, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலரா இருந்த ஒரு அக்கா. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவங்களுக்கு மாறுதல் கிடையாது! அந்த அம்மாவை முதல்ல பிடிங்க. அறிவிப்புக்கு நோட்டீஸ் அடிக்காதீங்க, பாம்பன்ல கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கு.

கேரளாவைச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. அங்க அரசே லினக்ஸைப் பள்ளிக்கூடத்துக்குன்னு மாத்தி அமைச்சிருக்கு, இதனால 3,000 கோடி ரூபாய் லைசென்ஸ் செலவு மிச்சம்னு அந்த அரசோட கைட் நிறுவனம் 2019-ல சொன்னுச்சு. மாணவர்களுக்கு 2018-லேர்ந்து லிட்டில் கைட்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் மன்றமும் இருக்கு. பொறாமையாத்தான் இருக்கு. அரசு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்னா விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவைப் பாருங்க, சின்ன ஊர்லயே நடத்துறாங்க.

[காட்சி: மேசையில வெள்ளி நிறத்துல ஒரு மீன்.]

கடைசியா ஒரு உதவி. இந்த மீனுக்குத் தங்கச்சிமடம் பாட்டி ஒரு பேரு சொல்றாங்க, தேவிபட்டினம் பாட்டி வேற பேரு சொல்றாங்க. ரெண்டு பேருமே ஒலிப்பதிவுக்கு உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. இப்போதைக்கு நான் கோப்புக்கு ‘சண்டை மீன்’னு பேரு வச்சிருக்கேன். உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்வீங்க? ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க. கோப்பை இன்னும் மூடல.