பழைய ஓவியத்தைப் புதுசா வரையணுமா? முதல்ல கலரைக் கழட்டுங்க

வணக்கம்ங்க. இன்னொருத்தர் ஓவியத்தை எடுத்து நம்ம ஓவியமா மாத்துறது எப்படின்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

கலர் பிரிண்டை முன்னாடி வச்சுக்கிட்டு உட்காராதீங்க. கண்ணு அந்தக் கலரையே தேடும், கை அதையே கலக்கும். கறுப்பு வெள்ளையில எடுங்க. 1889, 90ல ஓவியர் வான்கோ, பிரெஞ்சு ஓவியர் மில்லேயோட படங்களைத் திரும்ப வரைஞ்சது கறுப்பு வெள்ளை அச்சுகளைப் பார்த்துதான். அந்த நீலமும் மஞ்சளும் முழுக்க அவரோடது.

அடுத்து, பிரிண்ட்ல இருக்கிறதைக் கேன்வாஸுக்குப் பெரிசா ஏத்த ரெண்டுலயும் கட்டம் போடணும். 20க்கு 28 செ.மீ. பிரிண்ட்ல 2 செ.மீ. கட்டம்னா, 50க்கு 70 கேன்வாஸ்ல 5 செ.மீ. ரெண்டுலயும் குறுக்க 10, நெடுக்க 14 வரணும். பென்சில் வேண்டாம், வெளிர் பெயின்ட் வழியா எட்டிப் பார்க்கும். சார்கோல்ல, அதான் வரையுற கரியில, மெல்லிசா போடுங்க. ஆயில்னா, டர்பன்டைன்ல நீர்க்கக் கரைச்ச பர்ன்ட் அம்பர்ங்கிற பழுப்பு பெயின்ட்டால உருவத்தை இழுத்து, நல்லா காய்ஞ்சதும் கட்டத்தைத் துணியால தட்டி விட்டுடுங்க. சட்டை மடிப்பு, விரல் நகம் எல்லாம் கட்டத்துல ஏத்தாதீங்க. தலை, தோள், கை, கதவு எங்கெங்க இருக்குங்கிறது போதும். நுணுக்கம் ஏற ஏற அது காப்பியாகிடும்.

கேன்வாஸோட நீள அகலம் ஒத்து வரலையா? சதுரத்தைச் செவ்வகமா இழுத்தா முகமெல்லாம் பூசணிக்கா மாதிரி ஆயிடும். ரெண்டு வழி இருக்கு. 1887ல ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயோட அச்சுப்படங்களை வரைஞ்ச வான்கோ, படத்தை அதோட அளவுலயே விட்டுட்டு, மிச்ச இடத்துல பார்டர் கட்டி ஜப்பானிய எழுத்துகளை நிரப்பினார்.

பிகாசோ வழி முரட்டு வழி. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1656ல வரைஞ்ச 'லாஸ் மெனினாஸ்'ங்கிற அரண்மனைக் காட்சி நெட்டையான படம், 318க்கு 276 செ.மீ. 1957 ஆகஸ்ட்ல பிகாசோ அதை 194 உயரம், 260 அகலம்னு படுக்க வச்சார், அதுவும் சாம்பல் நிறத்துல. மேல இருந்த வெற்றிடம் சுருங்கிப்போச்சு, படத்துக்குள்ள ஓரமா நின்ன ஓவியர் கூரையை முட்டுற ராட்சசன் ஆயிட்டார். பெரிய நாய் இருந்த இடத்துல பிகாசோவோட குட்டை நாய். ஆனா பின்கதவுல நிக்கிற ஆளு, நடுவுல சின்ன இளவரசி, ரெண்டும் அந்தந்த இடத்துலயே இருக்கு. அதனாலதான் பார்த்ததும் அடையாளம் தெரியுது. அதை வச்சு பிகாசோ வரைஞ்ச தொடர்ல மொத்தம் 58 ஓவியம், அதனால ஒரே கேன்வாஸ்ல எல்லாத்தையும் மாத்திடணும்னு பறக்காதீங்க.

பெயின்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, தீப்பெட்டி அளவுல வெள்ளை, சாம்பல், கறுப்பு மட்டும் வச்சு நாலஞ்சு தடவை போட்டுப் பாருங்க. பத்தடி தள்ளி நின்னாலும் மூலப்படம் ஞாபகம் வரணும். வரலைன்னா அளவுக்கு மேல கழட்டிட்டீங்க, ஒரு உருவத்தைத் திரும்பப் பழைய இடத்துல வைங்க.