லைம் நோயும் பாலி மர்ரியின் குறிப்புகளும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பிள்ளைகள் புல்வெளியில் விளையாடிவிட்டு வந்தால், காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பெற்றோர் தேடிப் பார்ப்பார்கள். அதற்குக் காரணமான லைம் நோயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தில் லைம் ஒரு சிற்றூர். அங்கே பாலி மர்ரி என்பவர் குடும்பத்தில் பல வருடங்களாக மாறி மாறித் தோல் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வீக்கம். எல்லாம் மனப்பிரமை என்றுகூட அவரிடம் சொன்னார்கள். அவர் விடவில்லை. யாருக்கு என்ன வந்தது என்று எழுதி வைத்து, 1975-இல் சுகாதாரத் துறையிடம் போனார். அப்புறம் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டியர் விசாரித்ததில் மூட்டுவீக்கம் வந்தவர்கள் 51 பேர் கிடைத்தார்கள், அதில் 39 பேர் குழந்தைகள். பெரும்பாலும் மரங்கள் அடர்ந்த தெருக்கள், கோடைக்காலத் தொடக்கம். குழந்தைகளுக்கு வரும் மூட்டு நோயான முடக்குவாதம் இப்படித் தெருவாரியாக வராதே! ஸ்டியரின் உழைப்பு பெரிதுதான். ஆனாலும் இந்த ஆராய்ச்சியின் முதல் பக்கம் பாலி மர்ரி எழுதியது என்பேன்.

கிருமி அகப்பட்டது 1981-இல். வேறொரு காய்ச்சலுக்காக உண்ணிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர் வில்லி பர்க்டார்ஃபர், அவற்றின் குடலில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டார். இந்த நோயைப் பரப்பும் உண்ணிக்கு மான் உண்ணி என்று பெயர் இருந்தாலும் கிருமியை மான் தருவதில்லை. குட்டி உண்ணிக்கு அது பெரும்பாலும் எலியிடமிருந்து வருகிறது. மனிதரைப் பெரும்பாலும் கடிக்கும் பருவத்தில் உண்ணி கசகசா அளவுதான். கிருமி உடலுக்குள் இறங்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை; அவை உருவாகச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் எடுத்தால் 'இல்லை' என்றே வரலாம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக்கைப் பத்து நாள் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, ஸ்க்ரப் டைபஸ், அது வேறு கிருமி; ஆனால் அதற்கும் இந்த மாத்திரைதான் முக்கியம்.

சிக்கல் வருவது, குணமான பிறகுதான். சிலருக்கு மாதக்கணக்கில் சோர்வும் வலியும் விடுவதில்லை. அந்த வலி உண்மை. ஆனால் மூன்று மாதம் ஆண்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது: மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து எடுத்தவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. இன்றும் நீண்டகால ஊசி மருந்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைத் தேட வேண்டும், மருந்தை நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

ஒரு தடுப்பூசியும் 1998-இல் வந்தது. நம் ரத்தத்தை உண்ணி குடிக்கும்போதே, தடுப்பூசியால் உருவான எதிர்ப்பொருள்கள் அதன் குடலுக்குப் போய்க் கிருமியைக் கொன்றுவிடும். அபாரமான யோசனை! மூட்டுவலி வருகிறது என்ற பேச்சு பரவி, அது நிரூபிக்கப்படாமலே விற்பனை சரிந்து, 2002-இல் நிறுத்திவிட்டார்கள். அதே உத்தியில் ஃபைசர், வால்நேவா என்ற மருந்து நிறுவனங்கள் இன்னொன்றைச் சோதித்திருக்கின்றன.

உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்போ மண்ணெண்ணெயோ வேண்டாம். கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அப்புறம் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வணக்கம்.